கலிபோர்னியா கம்பெனி மீது பாலக்காட்டில் வழக்குப் போடலாமா? அதிகார வரம்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர் ஒருவரிடம் தேங்காய் வாங்கிய பொள்ளாச்சி வியாபாரி செக் கொடுத்துவிட்டுப் போகிறார். லாரி கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் போய் இரண்டு வாரம் கழித்து, கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பி வருகிறது. வழக்கை எங்கே போடுவது, பொள்ளாச்சியிலா சித்தூரிலா? (நான் சொல்வது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல.) எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

செக் வழக்கு என்றால், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விடை சுலபம். தோப்புக்காரரின் கணக்கு எந்த வங்கிக் கிளையில் இருக்கிறதோ, அந்த இடத்து நீதிமன்றம் விசாரிக்கும். பாக்கிப் பணத்துக்கு சிவில் வழக்கு என்றால் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். பிரதிவாதி குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். வழக்கு மூலம் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த இடத்திலும் போடலாம். வழக்கு மூலம் என்றால் வழக்குப் போடும் உரிமையை உங்களுக்குத் தந்த நிகழ்ச்சிகள். விலை பேசியது இந்தத் தோப்பில், காய் எண்ணி லாரியில் ஏற்றியது இந்தத் தோப்பில். ஆகவே சித்தூர் முன்சீப் நீதிமன்றம் அந்த வழக்கைக் கேட்கலாம், வியாபாரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும்.

இன்ன ஆளை, இன்ன விவகாரத்தை விசாரிக்க ஒரு நீதிமன்றத்துக்கு இருக்கும் உரிமையையும் அதன் எல்லையையும்தான் அதிகார வரம்பு என்கிறோம். தேங்காய் லாரிக்குப் புரிகிற இந்தக் கணக்கு, கைப்பேசியில் பணம் பிடிக்கும் வெளிநாட்டு கம்பெனி என்றதும் பலருக்கும் குழம்பிவிடுகிறது.

எங்கள் பக்கத்துத் தெருவில் தையல் கடை நடத்தும் ஒரு பெண் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தாள். ஆரி வேலை செய்த ரவிக்கைகளின் படங்களை அழகுபடுத்தி வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப, வெளிநாட்டு கம்பெனி ஒன்றின் செயலியை ஏழு நாள் இலவசமாக எடுத்திருக்கிறாள். ஐந்தாம் நாளே ரத்து செய்துவிட்டாள். பத்து நாள் கழித்து வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: ஓராண்டுச் சந்தாவாக ரூ. 4,720 பிடிக்கப்பட்டது. மூன்று முறை எழுதியதற்கும் அச்சடித்தது போல ஒரே பதில். கடைசியில் விதிமுறைகளைத் தேடிப் படித்திருக்கிறாள். எந்தத் தகராறும் கலிபோர்னியா மாநில நீதிமன்றங்களில்தான் தீர்க்கப்படும் என்று அதில் இருந்தது.

"அண்ணா, அமெரிக்காவுக்குப் போய் வழக்குப் போட நம்மால் முடியுமா? போனது போகட்டும் என்று விட்டுவிடவா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் வழக்கை மனத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். அந்த வரிக்கு அவ்வளவு பலம் கிடையாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"அம்மணி, பில் ஏதாவது அனுப்பினார்களா?" என்றேன். மின்னஞ்சலைத் தேடி எடுத்துக் காட்டினாள். ரூ. 4,000, அதன் மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ. 720. கீழே சின்ன எழுத்தில் ஒரு ஜிஎஸ்டி எண். எல்லையோர வியாபாரிகளுக்கு இந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மனப்பாடம்: கேரளப் பதிவுக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. இந்த பில்லில் இருந்ததோ 99. அதன் நடுவே ஒரு நாட்டைக் குறிக்கும் மூன்று எழுத்துகள். இந்தியாவில் அலுவலகம் இல்லாமலே இங்குள்ளவர்களுக்கு இணையவழிச் சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் நம் வரித்துறையில் பதிவு செய்யும்போது கிடைக்கும் எண் அது. இந்தியாவில் வியாபாரம் செய்கிறோம் என்று அந்த கம்பெனியே நம் அரசிடம் எழுதிக் கொடுத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். பில்லைப் பத்திரமாக அச்செடுத்து வைக்கச் சொன்னேன்.

வெளிநாட்டு கம்பெனி என்றதும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் கேள்விகள் உண்மையில் மூன்று. எந்த நீதிமன்றம் கேட்கும்? எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? தீர்ப்பு வந்தால் அதை யார் நிறைவேற்றித் தருவார்கள்? முதல் இரண்டுக்கும் நமக்குச் சாதகமான விடை கிடைத்து, மூன்றாவதில் மாட்டிக்கொள்வது உண்டு.

முதல் கேள்வியில்தான் சட்டம் அதிகம் வளர்ந்திருக்கிறது. ஒரு வலைத்தளத்தை உலகத்தில் எங்கிருந்தும் திறக்கலாம். அதனாலேயே உலகத்தின் எல்லா நீதிமன்றங்களுக்கும் அதன் மீது அதிகாரம் வந்துவிடுமா? 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு நிதானமாகப் பதில் சொன்னது. பனியன் ட்ரீ ஹோல்டிங் என்ற சிங்கப்பூர் நிறுவனம், தன் பெயரைத் தழுவிய பெயரில் ஹைதராபாதில் ஒரு திட்டம் விளம்பரப்படுத்தப்படுகிறது என்று டெல்லியில் வழக்குத் தொடுத்தது. வலைத்தளம் டெல்லியிலும் தெரிகிறது என்பது அதன் வாதம். தெரிந்தால் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். எதிர்த்தரப்பு அந்த ஊர் மக்களைக் குறிவைத்து வியாபாரம் செய்ய முனைந்திருக்க வேண்டும். அதனால் அந்த ஊரில் பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். வழக்குப் போடுவதற்காகவே வாதி ஏற்பாடு செய்து நடத்திய ஒற்றைக் கொள்முதலைக் காட்டி அதிகாரம் கோரவும் முடியாது என்றது.

குறிவைத்தல் என்ற இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கைப்பேசியைப் பாருங்கள். விலை ரூபாயில் இருக்கிறதா? யுபிஐ வழியாகப் பணம் வாங்குகிறார்களா? தமிழிலோ மலையாளத்திலோ விளம்பரம் வருகிறதா? பில்லில் நம் ஊர் வரி இருக்கிறதா? கடல் தாண்டி யாரோ வைத்திருக்கும் கடைக்கு நீங்களாகத் தேடிப் போனீர்கள் என்று அப்போது யாரும் சொல்ல முடியாது. அவர்கள்தான் உங்கள் வாசலுக்கு வந்து கடை விரித்திருக்கிறார்கள்.

அவதூறு வழக்குகளில் இதே எண்ணம் வேறு வடிவம் எடுக்கும். 2002இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், டௌ ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை நிறுவனத்தின் வழக்கில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. கட்டுரை அமெரிக்காவில் உள்ள கணினியில் ஏற்றப்பட்டிருந்தாலும், விக்டோரியா மாநிலத்தில் ஒருவர் அதை இறக்கிப் படிக்கும்போதுதான் அங்கே அவதூறு நிகழ்கிறது. ஆகவே அங்கேயே வழக்குப் போடலாம் என்றது.

தையல்காரப் பெண்ணுக்கு இவ்வளவு சுற்று வழியும் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவளுக்கு ஒரு நேர்வழி திறந்து வைத்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையோ வழக்கு மூலம் எழுந்த இடத்தையோதான் தேட வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ பிழைப்புக்காக வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம் என்கிறது. எங்களுக்கு அது பாலக்காடு. கடந்த சில ஆண்டுகளில் சாமானியருக்குக் கிடைத்த சட்ட உரிமைகளில் இதை மிகப் பெரியதாக நான் மதிக்கிறேன். இணையத்தில் வாங்கி ஏமாந்தவரை பஸ் ஏறிப் போய்வரும் தூரத்துக்குள் நீதி தேட வைத்த பிரிவு இது.

'கடைக்காகத்தானே வாங்கினாய், நீ எப்படி நுகர்வோர் ஆவாய்' என்று கம்பெனி கேட்கலாம். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கியிருந்தால் அது வணிக நோக்கமாகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவள் அந்த விளக்கத்தைக் காட்டி வாதாடலாம்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியாவில் நிறுவப்படாத கம்பெனியாக இருந்தாலும், இங்குள்ள நுகர்வோருக்குத் தொடர்ச்சியாகப் பொருளோ சேவையோ விற்றால் அந்த விதிகள் அதற்கும் பொருந்தும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை அது நியமிக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும்.

அப்படியானால் கலிபோர்னியா என்று எழுதிய அந்த வரி? நீங்கள் யார் என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறும். இரண்டு நிறுவனங்கள் பேரம் பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வெளிநாட்டு நீதிமன்றம் குறிக்கப்பட்டிருந்தால் நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதை மதிக்கும். 2003இல் மோடி என்டர்டெயின்மென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. கோவையில் ஆலை வைத்திருப்பவர் வெளிநாட்டு கம்பெனியோடு பெரிய விளம்பர ஒப்பந்தம் போட்டால் அந்த வரியைக் கவனித்துத்தான் கையெழுத்திட வேண்டும். நுகர்வோரின் நிலை வேறு. சட்டம் தந்த நுகர்வோர் மன்றத்தை ஒப்பந்த வரியால் எளிதில் அடைத்துவிட முடியாது. நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னாலும் நுகர்வோர் ஆணையத்துக்கு வரலாம் என்று எமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பிற நாடுகளிலும் காற்று இந்தத் திசையில்தான் வீசுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பெண், தன் பெயரையும் படத்தையும் அனுமதியின்றி விளம்பரத்தில் பயன்படுத்தியதாக ஃபேஸ்புக் மீது வழக்குத் தொடுத்தார். கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில்தான் வழக்கு நடக்க வேண்டும் என்று ஃபேஸ்புக் விதிமுறையைக் காட்டியது. 2017இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த விதியை அமல்படுத்த மறுத்தது. ஒரு பக்கம் மாபெரும் கம்பெனி, மறுபக்கம் 'ஏற்கிறேன்' என்று அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லாத தனிமனிதர். அந்த ஏற்றத்தாழ்வும், தனியுரிமை என்பது அந்நாட்டு மக்களின் அடிப்படை அக்கறை என்பதும் நீதிபதிகள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை.

இரண்டாவது கேள்வி, எந்த நாட்டுச் சட்டம் என்பது. இங்கே நம் சட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கையை நீட்டி வருகின்றன. இந்தியாவில் உள்ள கணினியைத் தொட்ட குற்றத்துக்கு, செய்தவர் எந்த நாட்டில் இருந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆவது பிரிவு பொருந்தும். வெளிநாட்டில் நடந்த செயல் இந்தியச் சந்தையைப் பாதித்தால், சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்கலாம். 2022இல் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்ததும் அந்த ஆணையம்தான். இந்தியாவில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ தருவதற்காக அவர்களின் தரவை வெளிநாட்டில் வைத்துக் கையாண்டாலும் அது தன் வரம்புக்குள் வரும் என்கிறது 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இனி மூன்றாவது கேள்வி. ஆழியாறு அணை தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் தண்ணீரை நம்பிய வயல்கள் எங்கள் சித்தூர் தாலுகாவில் இருக்கின்றன. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவில் எங்களுக்கு வர வேண்டும். உரிமை காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் இங்குள்ள விவசாயி போய் அங்குள்ள ஷட்டரைத் திறந்துவிட முடியாது. இரண்டு மாநிலங்களின் அதிகாரிகள் உட்கார்ந்து பேசித்தான் தண்ணீர் வரும். வெளிநாட்டு கம்பெனிக்கு எதிரான தீர்ப்பும் இப்படித்தான். உத்தரவு பாலக்காட்டில் கிடைத்துவிடும், ஷட்டர் இருப்பது வேறு நாட்டில்.

2000ஆம் ஆண்டு பாரிஸ் நீதிமன்றம் யாஹூவுக்கு ஒரு கட்டளையிட்டது. அதன் ஏலத்தளத்தில் விற்கப்பட்ட நாஜி அடையாளப் பொருள்கள் பிரான்ஸ் மக்களுக்குக் கிடைக்காதபடி தடுக்க வேண்டும் என்பது அந்தக் கட்டளை. பிரெஞ்சுச் சட்டப்படி அவற்றை விற்பது குற்றம். யாஹூ கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போய், இந்த உத்தரவை அமெரிக்காவில் அமல்படுத்த முடியாது என்று முதலில் தீர்ப்பும் வாங்கியது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உத்தரவு போட்ட நாடு ஒன்று, கம்பெனியின் சொத்து இருக்கும் நாடு இன்னொன்று என்றால் இவ்வளவு இழுபறி. நம் நிலையும் வேறல்ல. பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளின் டிகிரியை, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணையை, நம் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி இங்கே நேரடியாக நிறைவேற்றலாம். அந்தப் பரஸ்பர ஏற்பாட்டில் அமெரிக்கா இல்லை. நம் டிகிரியை அங்கே செல்லுபடியாக்க அந்த ஊர் நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்கு நடத்தியாக வேண்டும்.

'இந்தியாவில் அவர்களுக்கே ஒரு கிளை கம்பெனி இருக்கிறதே, அதைப் பிடிக்கலாமே' என்று தோன்றும். பிடிக்கலாம், ஆனால் வழுக்கும். இங்குள்ளது தனி நிறுவனம், சேவையை நடத்துவது வெளிநாட்டுத் தாய் நிறுவனம் என்பதுதான் அவர்கள் முதலில் சொல்லும் பதில். விசாகா இண்டஸ்ட்ரீஸ் என்ற கல்நார்த் தகடு நிறுவனம் 2009இல் செகந்திராபாத் நீதிமன்றத்தில் தந்த அவதூறுப் புகாரில் கூகுள் இந்தியா இந்தப் பதிலைத்தான் சொன்னது. யார் பொறுப்பு என்பது விசாரணையில் சாட்சியங்களை வைத்துத் தீர வேண்டிய விஷயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். தொடக்கக் கேள்விகளுக்கே பத்து ஆண்டுகள். புகாரில் தாய் நிறுவனம், இந்தியக் கிளை இரண்டின் பெயரையும் சேர்த்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த ஓட்டையை அடைக்க அரசு கண்ட வழி, கம்பெனியின் ஆளை இந்த மண்ணில் நிறுத்துவது. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடக நிறுவனம், இணக்க அலுவலர், தொடர்பு அலுவலர், குறைதீர்ப்பு அலுவலர் என்று இந்தியாவில் குடியிருக்கும் மூவரை நியமிக்க வேண்டும். இங்கே ஒரு முகவரியும் காட்ட வேண்டும். கருத்துரிமை சார்ந்த விவாதங்கள் இந்த விதிகளின் மேல் நிறைய நடந்திருக்கின்றன; அவற்றில் நியாயமான அச்சங்களும் உண்டு. ஆனால் உள்ளூரில் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்ற அந்த ஓர் அம்சத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பணம் சம்பந்தப்பட்ட சிறு வழக்குகளில் இன்னொரு ஷட்டர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அது வங்கி. கார்டிலிருந்து மாதந்தோறும், ஆண்டுதோறும் தானாகப் பிடிக்கும் தொகைக்கு, பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும், வேண்டாம் என்று நிறுத்த வழி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் முதல் கண்டிப்பாக்கப்பட்ட இந்த விதி வெளிநாட்டு விற்பனையாளருக்குப் போகும் பணத்துக்கும் பொருந்தும். கம்பெனி எந்தக் கண்டத்தில் இருந்தாலும் பணம் வெளியேறியது கொழிஞ்சாம்பாறைக் கிளையிலிருந்துதான். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழக்கைவிட வேகமான வழி இது.

குற்றவியல் பக்கத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பணம் பறிபோனால் எந்த ஊர் போலீஸ் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். குற்றம் நடந்த இடம் எதுவானாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போது சட்டமாகவே இருக்கிறது.

தையல்காரப் பெண்ணின் காகிதங்களை அன்று மாலையே வரிசைப்படுத்தினோம். ரத்து செய்ததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், தேதி தெரியும்படி, வங்கிக் குறுஞ்செய்தி, 99இல் தொடங்கும் எண் உள்ள பில், அவள் எழுதிய மூன்று கடிதங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும். முதலில் வங்கிக்கு ஒரு புகார், கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு இன்னொன்று. ஒரு மாதத்தில் பணம் திரும்பாவிட்டால் நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் பாலக்காடு மாவட்ட ஆணையத்தில் மனு. பணம் போன நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. நோட்டீஸை மின்னஞ்சல் வழியாகவும் அனுப்பலாம் என்று 65ஆவது பிரிவு சொல்வதால், கடல் தாண்டித் தபால் போய்ச் சேரக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

மனுவில் எதிர்த்தரப்பினர் முகவரி எழுதும் இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். "இவ்வளவு தூரத்து விலாசத்தை எழுதினால் எடுத்துக்கொள்வார்களா அண்ணா?" என்றாள். பில்லின் கடைசி வரியில் இருந்த முகவரியை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொன்னேன். அதற்கு மேலே, புகார்தாரர் முகவரி என்ற இடத்தில், கொழிஞ்சாம்பாறை என்று அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள்.